மழையில் ஊறிய கதவு

கதவு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், அப்போதும் வரவில்லை. தாழ்ப்பாள் திறந்துதான் இருக்கிறது. அதுவும் மரம்தான், இரும்பைக் கண்டால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது, ஒரு கட்டையை ஓட்டைக்குள் தள்ளுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார். கட்டை விலகிவிட்டது, கதவு அசையவில்லை. நேற்றே முனகியது, அதற்கு முன்னால் தரையில் உரசியது, சொன்னேன், மரம் மூச்சு விடுது கோகி என்றார். விடட்டும், நன்றாக விடட்டும். வடவள்ளியில் ஆனிச் சாரல் பிடித்தால் லேசில் போகாது, மலைப்பக்கமிருந்து இறங்கி வந்து துவைத்த துணியைக் காயவிடாது, அப்பளத்தை நமுத்துப்போக வைக்கும், தேக்குக் கதவை ஊற வைத்துப் பருக்க வைக்கும். வெறும் எண்ணெய் பூசினால் போதும், பாலிஷ் போட்டால் மரத்தின் முகம் செத்துப்போகும் என்று சொன்ன மனிதர் இப்போது ஹாலில் உட்கார்ந்து பெருந்துறைக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். துணி ஏற்றுமதி செய்கிறவர், கூட அவர் சம்சாரம். புது வீடு கட்டப் போகிறார்கள். தரணிதரன் ஆர்க்கிடெக்ட் தன் வீட்டுக் குளியலறையை மரமும் கல்லுமாக இழைத்து வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்லிப் பார்க்க வந்திருக்கிறார்கள். இந்தக் குளியலறைக்குள் நான் எதற்கு வந்தேன்? பக்கெட்டை எடுக்க. சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட், அதே நிறத்தில் ஒரு மக். வீடு பார்க்க ஆள் வந்தால் அது இங்கே இருக்கக் கூடாது, பின்பக்கத்து பால்கனியில் துடைப்பத்தோடு துடைப்பமாக நிற்க வேண்டும். நான் எடுக்க வந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது. கதவச் சாத்திக்கோ, கண்ணுல பட்டுரும், அவங்க உக்காந்ததும் நைசா எடுத்துட்டுப் போ என்று சொல்லிவிட்டு அவர் வாசலுக்கு ஓடினார். சாத்தினேன். கொஞ்சம் கோபத்தோடு சாத்தினேன் போலிருக்கிறது.

கூப்பிடலாம். ஒரு குரல் கொடுத்தால் வந்து தள்ளிவிடுவார். ஆனால் என்னவென்று கூப்பிடுவது, உங்கள் கதவு திறக்கவில்லை என்றா, அந்தக் கதவைப் பார்த்து ஆசைப்பட வந்தவர்களை வைத்துக்கொண்டு? அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாரே, அதை யார் பார்ப்பது. எப்படியும் இங்கேதான் வரப்போகிறார்கள். முதலில் ஹால், அப்புறம் சமையலறை, அப்புறம் படுக்கையறை, கடைசியில் இது. யார் வந்தாலும் அதே வரிசை, அதே பேச்சு. நம் ஊரில் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களே பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்காமல் இலையில் உட்காருவதில்லை, அப்படியிருக்க இதற்கென்றே வந்தவர்கள் பார்க்காமலா போவார்கள். காத்திருக்கலாம். குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டூல் இல்லை, ஏதோ ஒரு மரத்தின் அடிக்கட்டை, முழங்காலுக்கும் கீழே உயரம், உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வருகிறது. உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு இதில் ஒன்றைக்கூடப் பிடிக்காது, இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. தரையில் ஆற்றுக் கூழாங்கல், ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் சோப்புக் கசடு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து நான் தேய்க்க வேண்டும். குளிக்கிற இடத்தில் தேக்குப் பட்டைகள். சுவரில் டைல்ஸ் கிடையாது, சுண்ணாம்புப் பூச்சு. விளக்குக்குப் பிரம்புக் கூடை. துண்டு மாட்ட ஒரு மரக்கிளை, வளைவு நெளிவோடு அப்படியே சுவரில் பதித்தது, அது எந்த மலையில் விழுந்து கிடந்தது என்று ஒரு கதை உண்டு, பெருந்துறை அம்மாள் அந்தக் கதையை இன்றைக்குக் கேட்பாள். டைல்ஸ் குளிரும், ஸ்டீல் குளிரும், இதெல்லாம் கதகதப்பான பொருளுங்க என்பார். கதகதப்பு என்று சொல்லும்போது உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார். கதகதப்பாம். குளித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு பட்டையாகத் துடைக்கிறவள் நான், இடுப்பு விட்டுப்போகிறது. துடைக்காவிட்டால் கரும்புள்ளி விழும். தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினால் தெறிக்கும், அதனால் மொண்டு ஊற்றக் கூடாது, ஷவரடியில் அடக்க ஒடுக்கமாக நிற்க வேண்டும். எனக்கு நாலு மக் தண்ணீர் தலையில் விழுந்தால்தான் குளித்த மாதிரி இருக்கும். அவர் வெளியே போனதும் ஊற்றிக்கொள்வேன். என் வீட்டில் நான் திருட்டுத்தனமாகக் குளிக்கிறேன், நாற்பத்தேழு வயசில்.

பட்டைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. காலை மேலே தூக்கிக்கொண்டேன். பூரான். போன வாரம் பார்த்தேன், விரல் நீளம், துடைக்கிற துணிக்கு முன்னால் ஓடிப் பட்டைக்குக் கீழே போனது, இன்னும் வெளியே வரவில்லை. சொன்னதற்கு, இயற்கைன்னா எல்லாந்தான் இருக்கும் என்றார். அவர் உட்காரும் நாற்காலிக்கு அடியில் இருந்தால் தெரியும் இயற்கை. இப்போது அதுவும் நானும் உள்ளே. ஹாலில் அவர் சிரிப்பு கேட்டது, ஆட்கள் வந்தால் மட்டும் வருகிற சிரிப்பு. அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை மறந்துவிடவில்லை, எதை நினைத்தாலும் அது கடைசியில் அங்கே வந்துதான் நிற்கிறது. காலையில் மோகன் அண்ணன் கூப்பிட்டான். ஓசூருக்கு மாற்றல், கிடைத்த வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, அப்பாவை அங்கே ஏற்ற முடியாது. அப்பாவுக்கு இடது கையும் இடது காலும் பக்கவாதத்தில் போய்விட்டது. உடுமலையில் பள்ளிக்கூட மைதானத்தையே ஒரு விசிலில் நிறுத்தி வைத்த டிரில் மாஸ்டர், இப்போது கதவு நிலையைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். துடியலூர்ல ஒரு ஹோம் பாத்திருக்கேன் கோகி, நல்லாத்தான் வெச்சுக்கறாங்க, ஆனா ரூமை மத்தியானத்துக்கு மேல நிறுத்தி வெக்க மாட்டாங்களாம், நீ கூட்டிக்கறதா இருந்தா இப்பச் சொல்லு, இல்லீன்னா நான் சரின்னு சொல்லிடறேன். அண்ணன் குரலில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இத்தனை நாள் வைத்துப் பார்த்தவன், அண்ணி முகம் சுளிக்காமல் கழுவிவிட்டவள், அவர்களை எந்த வாயால் திட்டுவது? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேண்ணா என்றேன். பாத்ரூம்ல ஒரு கம்பி மட்டும் இருந்தாப் போதும் கோகி, அவரே எந்திரிச்சுக்குவாரு என்றான்.

கம்பி. அந்த ஒரு கம்பியைத்தான் நான் இவரிடம் கேட்டேன். மாமா வரட்டும், யாரு வேண்டாம்னா, தாராளமா வரட்டும், ஆனா கம்பி கிம்பின்னு பேசாத, ஸ்டீல் கம்பிய இந்தச் செவுத்துல வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும் என்றார். வரட்டும் என்கிறார், வந்தால் எதைப் பிடித்து எழுவார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அண்ணன் வீட்டில் சாதாரண தண்ணீர்க் குழாயைத்தான் வாங்கி வந்து சுவரில் அடித்தான், கோணலாக, சிமென்ட் பிதுங்கிக்கொண்டு, அப்பா அதைப் பிடித்து எழுந்து நின்று, பஸ் கம்பி மாட்டம் இருக்குதுடா, டிக்கெட் எங்க என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் இங்கே வந்தது ஒரே ஒரு தடவை, என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து என்று கூட்டி வந்தார்கள். குளிக்கப் போனவர் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது. அப்பா அப்பா என்று தட்டினேன், ம் என்று மட்டும் வந்தது. திறந்து பார்த்தால் இதே கட்டையில் உட்கார்ந்திருக்கிறார், இடுப்பில் ஈரத் துண்டு, உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது. எழ முடியவில்லை. கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் என் வீட்டில் எனக்குத் தலைகுனிவு என்று நினைத்திருக்கிறார், எப்படியாவது எழுந்துவிடலாம் என்று அந்த ஒற்றைக் கையை ஊன்றி ஊன்றிப் பார்த்திருக்கிறார். ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்குது, கதகதப்பா இருக்குது என்றார், பல் தந்தியடிக்க. நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறேன். இவர் ஓடி வந்தார், உதவிக்கு என்று நினைத்தேன். கையில் உலர்ந்த துணி. அப்பா காலுக்குப் பக்கத்தில் தேங்கி நின்ற தண்ணீரைப் பட்டையிலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தார். அப்பா காலை நகர்த்திக் கொடுத்தார், மன்னிச்சுக்கோங்க மாப்ள என்று சொன்னார். அப்பா கேட்ட அந்த மன்னிப்புக்காக நான் இன்னும் இவரை மன்னிக்கவில்லை.

என் போன். சாப்பாட்டு மேஜையில் சார்ஜில் கிடக்கிறது, அண்ணனுக்கென்று வைத்த மணி. எழுந்து கதவை இழுத்தேன், இரண்டு கையாலும் இழுத்தேன், நகம் மடங்கியதுதான் மிச்சம். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. யாரோ எடுத்தார்கள். செருப்புச் சத்தம் நடையில் இந்தப் பக்கமாக வந்தது, வந்தவர்கள் காதில் விழாமல் பேச அவருக்கு இதுதான் இடம், கதவுக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். நான் பால்கனியில் பக்கெட்டோடு நிற்பதாக நினைத்திருக்கிறார். சொல்லுங்க மச்சான். அவ கை வேலையா இருக்கறா. ஆமா ஆமா, சொன்னா. ஹோமுங்களா. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன், இங்க அவருக்கு வசதிப்படாதுங்க, பாத்ரூம் வேற அவருக்குத் தோதில்ல, அன்னைக்கே பாத்தமில்ல. அங்கன்னா இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துப் பழகுனவங்க இருப்பாங்க. நல்ல எடம்னா அங்கயே சேத்துருங்க. அவகிட்ட நான் சொல்லிக்கறேன், அவளுக்கும் அதேதான் நெனப்பு. சரிங்க மச்சான். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. நான் ஏன் கத்தவில்லை? வாய் திறந்துதான் இருந்தது. அவளுக்கும் அதேதான் நெனப்பு. என் நெனப்பை எங்கே பார்த்தாராம்? அந்த நிமிஷம் அந்த மனிதரை எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை, அவர் குரலை, அந்தச் செருப்பை, உள்ளங்கை தேய்ப்பதை, எதையும். அப்பாவிடம் அண்ணன் எப்படிச் சொல்வான்? கோகிக்கும் அதேதான் நெனப்பாம்பா என்று சொல்வான். அப்பா சரிடா என்பார், நல்லாத்தான் இருக்கும் என்பார், கதகதப்பா இருக்கும் என்றுகூடச் சொல்வார்.

கட்டையில் மறுபடி உட்கார்ந்தேன். இடது கையை மடியில் போட்டேன், அது என் கை இல்லை என்று வைத்துக்கொண்டேன். இடது காலை நீட்டிவிட்டேன், அதுவும் இல்லை. இப்போது எழு. வலது கையைக் கட்டையின் விளிம்பில் ஊன்றினேன், உடம்பு பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தது. சுவரில் கை வைத்தேன், சுண்ணாம்பு வழுக்கி விரலில் மாவாக வந்தது. தரையில் ஊன்றினேன், கூழாங்கல் உள்ளங்கையில் குத்தியது. எனக்கு எல்லா அங்கமும் நன்றாக இருக்கிறது, அப்படியும் வேர்த்துவிட்டது. அப்பா எவ்வளவு நேரம் இப்படி முயற்சி செய்திருப்பார்? பட்டைக்கடியில் பூரான் மறுபடி நகர்ந்ததோ என்னவோ, காலைத் தூக்க வேண்டும், தூக்கக் கூடாது, அது வராத கால். பயத்தில் எட்டிப் பிடித்தது அந்த மரக்கிளையைத்தான். பிடித்து எழுந்தேன், பாதி எழுந்தேன், கிளை சுவரைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. பின்னால் விழுந்தேன். பக்கெட் உருண்டது. தலையில் சுண்ணாம்பு. சுவரில் இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு மர ஆப்பு, விரல் கனம்கூட இல்லை. அப்பா அன்றைக்கு இதைப் பிடித்திருந்தால் இது அவர் மண்டையில் விழுந்திருக்கும். பிடிக்காமல் விட்டாரே, அதற்கும் அவருக்குத்தான் புத்தி இருந்திருக்கிறது. கிளையை மடியில் வைத்துக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. காலை நீட்டினால் எதிரே வாஷ்பேசின் மேடை சரியாக முட்டுக்கொடுக்கிறது.

அவர்கள் வந்துவிட்டார்கள். என்னமோ சத்தம் கேட்டுதுங்களே என்று அந்த அம்மாள் கேட்டாள். காத்துக்கு ஜன்னல் அடிச்சிருக்குமுங்க என்றார் இவர். அப்புறம் ஆரம்பித்தது. உள்ள காலு வெச்சீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க, டைல்ஸ் மாதிரி சுருக்குன்னு குளிராது, கதகதப்பா இருக்கும். உள்ளங்கை தேய்கிற சத்தம் கேட்டது, அல்லது எனக்குக் கேட்டதாகத் தோன்றியது. அதெல்லாஞ் செரிங்க என்றாள் அந்த அம்மாள். எங்கத்தைக்கு மூட்டுத் தேஞ்சு போச்சுங்க, ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. புடிச்சுக்க ஏதாச்சும் வேணுமுங்களே. வெச்சா உங்க டிசைன் கெட்டுப்போயிருமாட்ட இருக்குது? நான் காதைக் கதவில் ஒட்டினேன். சொல்லுங்கள், ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்று சொல்லுங்கள், அப்போதாவது நீங்கள் எல்லோரிடமும் ஒரே பேச்சுப் பேசுகிற ஆள் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். அதென்னங்க அப்படிக் கேட்டுட்டீங்க என்றார். பெரியவங்க இருக்கற வீட்ல கைப்பிடி இல்லாம நான் செய்யவே மாட்டனுங்க. தேக்குலயே உருட்டிச் செஞ்சு, உள்ளாற இரும்பு குடுத்து, செவுத்தோட போல்ட் போட்டுருவேன். பாத்தா அலங்காரமாத்தான் தெரியும், ஆளே தொங்குனாலும் வராது. வயசானவங்க கௌரவமா எந்திரிச்சு வரணுமுங்களே, அதுதானுங்க முக்கியம். கௌரவமா என்றார். என் மடியில் கிளை இருந்தது. இரும்பை உள்ளே ஒளித்து மரத்தை மேலே வைக்கிற வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்டது நான் என்பதால் தெரியாமல் போய்விட்டது.

கதவு என் முதுகில் இடித்தது. மறுபடி இடித்தது. கொஞ்சம் டைட்டா இருக்குதுங்க, மழைக்கு, என்று சமாளித்தார். ஏற்றுமதிக்காரர், தள்ளட்டுமுங்களா என்று கேட்டார். நான்தான் உள்ள இருக்கறனுங்க என்றேன். என் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று எனக்கே தெரியாது. கோகி? நீ அங்க என்ன பண்ற? நான் தள்றேன், நீ இழு. இழுக்க மாட்டனுங்க, சாஞ்சு உக்காந்திருக்கேன், நீங்க தள்ளுனாலும் வராது என்றேன். கதவோரமாகக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: வந்தவங்க நிக்கறாங்க, மானத்த வாங்காத, எந்திரி. எந்திரிக்கறேன், அதுக்கு முன்னாடி மோகன் அண்ணனுக்குப் போன் போடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்குக் கேக்கோணும். என்னத்துக்கு? எங்க அப்பாவ இங்கயே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நீங்க கொஞ்ச முன்னாடி இதே எடத்துல நின்னு சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுது. அந்த அம்மாள், என்ன ஏதுன்னு போட்டுத்தான் பேசிருங்களே தம்பி, பாவம் அவங்க உள்ள எத்தன நேரமா இருக்கறாங்களோ என்றாள். அவர் போன் போட்டார், மணி அடித்தது. மத்தியானம் ஆகிவிட்டதா, அண்ணன் சரியென்று சொல்லி முடித்திருப்பானோ, அந்த அறையில் அப்பாவுக்கு இப்போதே கட்டில் போட்டிருப்பார்களோ. சொல்லுங்க மாப்ள என்றது அண்ணன் குரல். இவர் தொண்டையைச் செருமினார். மச்சான், அந்த ஹோம்ல சொல்லிட்டீங்களா? இனிமேத்தான், இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன். அப்படின்னா வேண்டாமுங்க. மாமாவ இங்கயே கூட்டிட்டு வந்துருங்க. அண்ணன் கேட்டான், பாத்ரூம்ல அவரு புடிச்சுக்க ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா மாப்ள? அந்த அம்மாள்தான் போனில் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: வெச்சுத் தர்றாருங்க, தேக்குலயே, உள்ள இரும்பு குடுத்து, ஆளு தொங்குனாலும் வராதாம், இப்பத்தான் எங்ககிட்ட வாய் நெறையச் சொன்னாரு. ஆமா மச்சான் என்றார் இவர். ஆமா. வெச்சுத் தர்றேன்.

நான் எழுந்தேன். வாஷ்பேசின் மேடையை, பிறகு சுவரை, பிறகு கதவு நிலையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது, கால் மரத்துப் போயிருந்தது. சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினேன். கவிழ்ந்து கிடந்த சிவப்பு பக்கெட்டை நிமிர்த்தி, மக்கை அதற்குள் போட்டு, நடுவாக, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வைத்தேன். கிளையை அதற்குப் பக்கத்தில் சாத்தினேன். பிறகு இரண்டு கையாலும் கதவை இழுத்தேன். வரவில்லை. அந்தப் பக்கமிருந்து அவர் தள்ளினார், ஏற்றுமதிக்காரரும் சேர்ந்து தோள் கொடுத்தார், நிலை முனகியது, சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, கதவு மயிரிழைகூட நகரவில்லை. விடு கோகி என்றார் அவர் மூச்சு வாங்க. அதான் சொல்லிட்டனில்ல. இன்னும் எதுக்குப் புடிச்சுட்டு நிக்கற?

நான் அப்பவே விட்டுட்டனுங்க, இப்பப் புடிச்சிருக்கறது உங்க மரம் என்றேன்.